எதை வாங்குவது, எதை எடுத்து வைப்பது: அணைக்கட்டுப் பக்கத்து விதைக் கணக்கு

வெங்காய விதைக்கு ஆயுசு கம்மி. காய்கறி விதை பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான், ஏனென்றால் மற்ற விதைகளிடம் காட்டுகிற அலட்சியம் வெங்காயத்திடம் செல்லாது. கத்தரி, தக்காளி விதை நன்றாகக் காய்ந்து நிழலில் இருந்தால் இரண்டு மூன்று வருஷம் கழித்தும் முளைக்கும். சுரை, பூசணியும் அப்படித்தான். வெங்காய விதையை நம்ம ஊர்ச் சூட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா வைத்திருந்தால், அதை நம்பி நாற்றங்கால் போடுவது வீண் வேலை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. புதுசும் கறுப்பு, செத்ததும் கறுப்பு, இரண்டும் ஒரே மாதிரி முக்கோணமாகச் சுருங்கின தோலோடுதான் இருக்கும்.

எங்கள் நிலம் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம். கொஞ்சம் கயனி (நஞ்சை), மீதியெல்லாம் கொல்லை (புஞ்சை), ஒரு கிணறு, ஒரு போர்வெல். முன்னே மல்லாட்டை (நிலக்கடலை) மட்டுமே போட்ட கொல்லையில் இப்போது பாதிக்கு மேல் காய்கறி, அது வேலூர் உழவர் சந்தைக்குப் போகிறது. கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை, வெங்காயம், வேலியோரம் சுரையும் பீர்க்கும். இத்தனை வருஷத்தில் எனக்குப் படிந்த முடிவு, "நல்ல விதை" என்று எல்லாப் பயிருக்கும் பொதுவாக ஒன்று கிடையாது என்பதுதான். சில பயிருக்கு வருஷா வருஷம் புதிதாகத் துட்டுப் போட்டு வாங்கியே ஆகவேண்டும், அதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. சில பயிருக்கு நம் வீட்டு விதையை மிஞ்சினது எந்தக் கடையிலும் இல்லை. எது எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டால் விதைச் செலவும் குறையும், வயிற்றெரிச்சலும் குறையும்.

விதை கெடுவதற்குக் காரணம் ஈரமும் சூடும். ஹாரிங்டன் என்கிற விதை ஆராய்ச்சியாளர் சொன்ன ஒரு கணக்கு உண்டு: விதைக்குள் இருக்கும் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுசு ஏறக்குறைய இரட்டிக்கும், வைத்திருக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி குறைந்தாலும் அதே மாதிரி இரட்டிக்கும். இதை அப்படியே திருப்பிப் போட்டு வேலூருக்குப் பொருத்திப் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுகிறது, ஷீட் கூரை போட்ட கடைக்குள் இன்னும் கூட, அப்படிப்பட்ட கடையின் வாசலில் கம்பியில் கொத்தாகத் தொங்கவிட்ட பாக்கெட்டுக்குள் இருக்கிற விதை சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் வெந்துகொண்டுதான் இருக்கும். அதனால் தொங்குகிற பாக்கெட்டை நான் வாங்குவதில்லை. உள்ளே அலமாரியில் இருப்பதைக் கேட்பேன். கடைக்காரர், "இன்னாம்மா, எல்லாம் ஒரே லாட்டுதான், எதுவா இருந்தா இன்னா" என்பார். லாட்டு ஒன்றாக இருக்கலாம், பட்ட வெயில் ஒன்றா?

வெங்காயத்தில் இன்னொரு சூட்சுமம், எப்போது வாங்குகிறோம் என்பது. பெரிய வெங்காயம் பூத்து விதை கட்ட நல்ல குளிர் வேண்டும், நம்ம சமவெளியில் அந்தக் குளிர் இல்லை. அதனால் இங்கே விற்கிற பெரிய வெங்காய விதை பெரும்பாலும் மகாராஷ்டிரா மாதிரி வெளி மாநிலத்திலிருந்து வருவது. அங்கே விதை அறுவடை ஏப்ரல், மே மாதங்களில். சுத்தம் செய்து, பரிசோதித்து, பாக்கெட் போட்டு நம் கடைக்கு வர ஆனி, ஆடி ஆகிவிடும். அதற்கு முன்னால், மாசி பங்குனியில், "புது விதை வந்திருக்கு" என்று யாராவது சொன்னால் அது போன வருஷத்து விதைதான். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாக்கெட்டில் போட்டிருக்கிற பரிசோதனைத் தேதி நமக்குப் பேச ஆரம்பிக்கும். புரட்டாசியில் வாங்கும்போது தேதி மே மாதத்துக்கு முந்தியதாக இருந்தால் நான் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

பாக்கெட்டைப் படிப்பது என்றால் படத்தைப் பார்ப்பது இல்லை. படத்தில் எல்லாக் கத்தரியும் எண்ணெய் தடவின மாதிரிதான் இருக்கும். திருப்பிப் போட்டால் பொடி எழுத்தில் ரகத்தின் பெயர், லாட் நம்பர், குறைந்தபட்ச முளைப்புத்திறன், புறத்தூய்மை (தூசி, வேறு விதை கலக்காத அளவு), பரிசோதித்த தேதி, எதுவரை செல்லும் என்ற தேதி இவ்வளவும் இருக்க வேண்டும். மூட்டையாகவோ பையாகவோ வருகிற விதையில் அட்டையின் நிறம் ஒரு சேதி சொல்லும்: ஆதார விதைக்கு (சான்று விதையை உண்டாக்கப் போடுகிற விதை) வெள்ளை, சான்று விதைக்கு நீலம், உண்மைநிலை விதைக்கு வெளிர் பச்சை. சான்று விதை என்றால் விதைச்சான்று அதிகாரிகள் வயலையே வந்து பார்த்து, பிறகு விதையையும் சோதித்து அட்டை கட்டினது. உண்மைநிலை விதை என்றால் உற்பத்தி செய்தவரே "இவ்வளவு இருக்கு" என்று தன் பொறுப்பில் எழுதிக் கொடுப்பது. காய்கறியில், அதிலும் ஐபிரிட் என்கிற கலப்பின விதையில், கடையில் கிடைப்பது அநேகமாக இந்த இரண்டாவது வகைதான். அதனாலேயே அது மட்டம் என்று சொல்லமாட்டேன். நான் விரும்பிப் போடுகிற வெண்டை விதை அந்த வகைதான்.

சான்று விதைக்கு அரசு வைத்திருக்கிற குறைந்தபட்ச முளைப்புத்திறன் வெங்காயம், தக்காளி, கத்தரிக்கு 70 சதவீதம், மிளகாய்க்கு 60, வெண்டைக்கு 65. அதாவது நூறு வெங்காய விதையில் முப்பது முளைக்காவிட்டாலும் சட்டப்படி அது நல்ல விதை. இது தெரியாமல் பத்து விதை ஊன்றி ஏழுதான் வந்தது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. பரிசோதித்த நாளிலிருந்து 9 மாதம் அந்த அட்டைக்கு மதிப்பு. அதற்குப் பிறகும் விதை தேறினால் மறுபடி சோதித்து 6 மாதம் நீட்டிக்கலாம், அது முறைப்படி நடப்பதுதான். ஆனால் நீட்டித்த வெங்காய விதையை நான் தொடமாட்டேன். தக்காளி என்றால் யோசிப்பேன், வெங்காயத்தில் யோசனையே கிடையாது.

அப்புறம் அந்த டப்பா விதை. சந்தையோரம் சாக்கு விரித்து, டம்ளரால் அளந்து, பேப்பரில் மடித்துத் தருகிறார்களே, அது. கீரைக்கும் கொத்தவரைக்கும் நானே அதில் வாங்கியிருக்கிறேன், நன்றாகவும் வந்திருக்கிறது. ஆனால் வெங்காய விதை காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கக்கூடியது. ஈரம் புகாத ஃபாயில் பாக்கெட்டில் அடைக்கிற வெங்காய விதைக்கு ஈரம் 6 சதவீதத்துக்குமேல் இருக்கக் கூடாது என்று விதி, சாதாரணப் பையில் என்றால் 8 வரை போகலாம். மூடி திறந்த டப்பாவில் ஐப்பசி மழையில் அது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

சரி, பாக்கெட் எல்லாம் பொருந்துகிறது, வாங்கி வந்தாயிற்று. அதோடு நாற்றங்காலுக்குப் போய்விடாதீர்கள். ஒரு பழைய வேட்டித் துணியைத் துவைத்து, சோப்பு வாசனை போக அலசி, பிழிந்து விரியுங்கள். சொட்டக் கூடாது, தொட்டால் ஜில்லென்று இருந்தால் போதும். பாக்கெட்டை நன்றாகக் குலுக்கிவிட்டு நூறு விதையை எண்ணிப் பத்துப் பத்தாக வரிசை வையுங்கள். ஒரு கிராமில் ஏறக்குறைய 250, 300 வெங்காய விதை இருக்கும், அதனால் நூறு போனால் ஒன்றும் குடி முழுகாது. பொறுக்கி எடுக்காதீர்கள், குண்டாக இருப்பதாகத் தேடி எடுத்தால் சோதனைக்கு அர்த்தம் இல்லை. துணியைச் சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் தளர்வாகப் போட்டு, அடுப்படியில் சூடு படாத மூலையில் வைத்துவிட்டுத் தினம் ஒரு தரம் திறந்து காற்று விடுங்கள், காய்ந்திருந்தால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள்.

மூன்றாம் நாள், நாலாம் நாள் வெள்ளையாக ஒரு வேர் முனை எட்டிப் பார்க்கும். அப்போதே எண்ணி முடிவு கட்டிவிட வேண்டாம். வெங்காயத்துக்கு ஆறாம் நாள் ஒரு முறை, பன்னிரண்டாம் நாள் ஒரு முறை எண்ணுவதுதான் பரிசோதனை நிலையத்திலும் வழக்கம். நான் ஆறாம் நாள் எண்ணிக்கைக்குத்தான் அதிக மதிப்புக் கொடுப்பேன். வீரியமான விதை என்றால் அதற்குள் வேர் நீண்டு, பச்சைத் தண்டு முழங்கால் மடக்கினது போல வளைந்து எழுந்து, நுனியில் கறுப்புத் தோலைச் சுமந்துகொண்டு நிற்கும். வயசான விதையும் முளைக்கத்தான் செய்யும், ஆனால் ஒன்பது, பத்து நாள் இழுக்கும், வேர் நுனி பழுப்பாக இருக்கும், சிலது தண்டு மட்டும் விட்டு வேரே விடாது. துணிக்குள் இப்படி இருப்பது மண்ணுக்குள் போனால் மேலே வரவே வராது. எண்ணிக்கை எழுபதுக்கு மேலே, அதில் பெரும்பகுதி ஆறாம் நாளுக்குள் என்றால் பயமில்லாமல் விதைக்கலாம். ஐம்பது, அறுபது என்றால் வேறு விதை கிடைக்காத பட்சத்தில் அடர்த்தியாக விதைத்துச் சமாளிக்கலாம். அதற்குக் கீழே போனால் வெங்காயத்தாளுக்குத்தான் ஆகும்.

தண்ணீரில் போட்டு மிதக்கிறதை எறிவது என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அதை வெங்காயத்தில் செய்யாதீர்கள். இந்த விதையே லேசானது, தோல் சுருக்கத்தில் காற்று ஒட்டிக்கொண்டு நல்லதும் மிதக்கும். வெண்டைக்கும் சுரைக்கும் ஓரளவு பலிக்கும்.

துணிச் சோதனை போதாது, ஏக்கர் கணக்கில் போடப்போகிறேன் என்பவர்கள் விதைப் பரிசோதனை நிலையத்தில் சிறு கட்டணம் கட்டி மாதிரி கொடுத்துச் சோதித்து வாங்கலாம். வியாபாரிகளுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு விவசாயிகள் அந்தப் பக்கம் போவதே இல்லை. விரிஞ்சிபுரத்தில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்திலும் எந்த ரகம் நம் மண்ணுக்குச் சரிப்படும் என்று கேட்டுக்கொள்ளலாம். கேள்வியோடு போனால் பொறுமையாகவே பதில் சொல்கிறார்கள்.

ரகம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும், மாடித் தோட்டக்காரர்களுக்கு இது ரொம்பத் தேவை. சத்துவாச்சாரியில் இருக்கிற என் நாத்தனார் இணையத்தில் வெளிநாட்டு வெங்காய விதை வரவழைத்தாள், படத்தில் தேங்காய் அளவு வெங்காயம். முளைத்தது என்னவோ அருமையாக முளைத்தது. தாள் இடுப்புயரத்துக்கு வந்தது. மூன்று மாதம், நாலு மாதம் ஆயிற்று, அடியில் ஒன்றும் இல்லை, பூண்டுத் தண்டு மாதிரி அப்படியே. "அண்ணி, மண்ணுல ஏதோ குறை" என்று உரம் மேல் உரமாகக் கொட்டிக்கொண்டிருந்தாள். மண்ணில் ஒரு குறையும் இல்லை. வெங்காயம் எப்போது கிழங்கு கட்டவேண்டும் என்பதைப் பகலின் நீளத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. குளிர்நாட்டு ரகங்கள் பலவற்றுக்குப் பகல் 14 மணி நேரத்துக்கு மேல் நீள வேண்டும். வேலூரில் ஆனி மாதத்து மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தாண்டாது. அந்த விதைக்கு இங்கே எத்தனை வருஷம் ஆனாலும் வேளை வராது. நமக்கு வேண்டியது குறும்பகல் ரகம். பெல்லாரி சிவப்பு, என்-53, அக்ரிஃபவுண்ட் டார்க் ரெட், பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா கல்யாண், அர்கா நிகேதன் எல்லாம் நம்ம நாட்டுப் பகலுக்கு ஏற்றவை. அதிலும் பருவம் உண்டு. என்-53யும் டார்க் ரெட்டும் மழைக்காலப் பயிருக்கு என்று உண்டானவை. நிகேதன், கல்யாண் இரண்டில் எதைக் கேட்டாலும் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். ஒன்று இல்லை, கல்யாண் மழைப் பருவத்துக்கு வந்தது, நிகேதன் நன்றாகச் சேமித்து வைக்கத் தாங்குவது.

பெரிய வெங்காயத்துக்கு ஏக்கருக்கு மூன்று, நாலு கிலோ விதை பிடிக்கும். மேட்டுப்பாத்தியில் கோடு கிழித்து ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் விதைத்து, வைக்கோல் மூடி, பூவாளியில் தண்ணீர் விட்டு, ஆறேழு வாரத்தில் பிடுங்கி நடுவது. விதையை டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நல்ல பூஞ்சைப் பொடியில் கிலோவுக்கு 4 கிராம் கலந்து போட்டால் நாற்றழுகல் குறையும். ஏற்கனவே ரோஸ் கலரிலோ நீலத்திலோ மருந்து பூசி வந்த விதைக்கு இதைக் கலக்க வேண்டாம், அந்த மருந்தே இதைக் கொன்றுவிடும். மருந்து பூசின விதையைக் கையால் அள்ளி, அதே கையோடு வெற்றிலை போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கையுறை இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் கோழிக்குப் போடாதீர்கள்.

சின்ன வெங்காயம் முழுக்க வேறு சங்கதி. அதற்குப் பெரும்பாலும் விதை வெங்காயத்தைத்தான் ஊன்றுகிறோம், ஏக்கருக்கு 400 கிலோவிலிருந்து 600 கிலோ வரை பிடிக்கும். பெரம்பலூர், துறையூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் வரும், அன்றைக்குச் சந்தை விலை என்னவோ அதுதான் விதைச் செலவு, விலை ஏறின வருஷம் நடுவதற்கே மனசு வராது. இங்கே பார்க்கவேண்டியது இரண்டு. முதலாவது, அறுத்து இரண்டு மாதமாவது பட்டறையில் (வெங்காயம் சேமித்து வைக்கிற இடத்தில்) கிடந்த வெங்காயமாக இருக்க வேண்டும். பச்சையாக அறுத்ததை அப்படியே கொண்டுவந்து ஊன்றினால் உறக்கம் கலையாமல் ஒன்று இன்றைக்கும் ஒன்று பத்து நாள் கழித்தும் முளைத்து, கொல்லை முழுக்க ஏற்றத் தாழ்வாக நிற்கும். இரண்டாவது, அடிப்பாகம். மூட்டையின் மேலே இருக்கிறதைப் பார்க்காமல் நடுவில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, வேர் விடுகிற அடித்தட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் சரி. அமுங்கினால், வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால், மூக்கைச் சுளிக்க வைக்கிற வாடை வந்தால் அந்த மூட்டையே வேண்டாம். அடியழுகல் நோய் விதை வெங்காயத்தோடு வந்து நம் மண்ணில் குடியேறிவிடும், அப்புறம் அதைக் கிளப்புவது பெரும்பாடு. ரொம்பப் பெரிசும் வேண்டாம், ரொம்பப் பொடியும் வேண்டாம், நடுத்தரமானதாகப் பார்த்து வாங்கினால் எடைக்கும் கட்டுப்படியாகும்.

விதை போட்டே சின்ன வெங்காயம் எடுக்கவும் வழி இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் நன்றாகப் பூத்து விதை கட்டக்கூடியது. அரை டன் வெங்காயத்துக்குப் பதில் ஒன்றிரண்டு கிலோ விதையில் ஏக்கர் முடிந்துவிடும், அடியழுகலும் கூடவே வராது. நாற்று விட்டு நடுகிற கூலியும் ஒரு மாதம் கூடுதல் காலமும் ஆகும், அதைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் எனக்கு இதுதான் லாபமாகத் தெரிகிறது.

இனி கத்தரி. எங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது கிடைக்கிறதுக்கு முன்னேயும் காம்பு முள் குத்தி ரத்தம் வந்தாலும் பரவாயில்லை என்று சந்தையில் இதைத்தான் தேடி வாங்கிப் போனார்கள். இந்தக் கத்தரியின் விதையைக் கடையில் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெயர் வந்ததும் பெயரைப் போட்ட பாக்கெட்டும் வர ஆரம்பித்துவிட்டது, சிலதில் முள் பேருக்குத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் விதை எடுப்பது மாமியார் வேலை, இப்போது அவரோடு சேர்ந்து நானும்.

அத்தை செடியைத் தேர்ந்தெடுப்பது காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போது. காய் அதிகமாக இருக்கிற செடி என்று மட்டும் பார்க்கமாட்டார். இலை சிறுத்துக் கொத்துக் கொத்தாக நிற்கிற சிற்றிலை நோய் அந்தச் செடியிலும் இருக்கக் கூடாது, அக்கம் பக்கத்திலும் இருக்கக் கூடாது. முள் சரியாக இருக்கவேண்டும், காயின் நிறம் சரியாக இருக்கவேண்டும். புழு கம்மியாக விழுந்திருக்க வேண்டும். அப்படி ஒரு செடியில் மட்டும் எடுத்தால் வம்சம் குறுகிவிடும் என்று ஏழெட்டு செடியில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டி அடையாளம் வைப்பார், கூலிக்குக் காய் பறிக்க வருகிறவர்கள் அதில் கை வைக்காமல் இருக்க. "மொதக் காய எட்த்து வைக்காதம்மா, செடி அப்பத்தான் நின்னு பழகுது" என்பார். மூன்றாவது, நாலாவது பறிப்பில் வருகிற காயைத்தான் விடுவது. அது நன்றாக மஞ்சளாகி, தோல் தளர்ந்து, பார்க்கவே அசிங்கமாக ஆகிற வரைக்கும் செடியிலேயே இருக்கும். பறித்து நாலைந்து நாள் நிழலில் போட்டு வைத்து, காம்பு முள்ளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு கட்டையால் மெல்லத் தட்டித் தட்டி உள்ளே குழைந்ததும் பிளந்து தண்ணீரில் அலசினால் விதை தனியே வரும். மிதப்பது பொக்கு, அதை ஊற்றிவிடலாம். அடியில் நிற்பதைச் சலித்த சாம்பலில் புரட்டி, தட்டில் பரப்பி, நிழலிலும் அப்புறம் காலை வெயிலிலும் காயவைப்பார். உச்சி வெயிலில் வைத்தால் அவரிடம் திட்டு விழும். பல்லில் கடித்தால் நசுங்காமல் டக்கென்று உடையவேண்டும், அதுதான் அவருக்கு ஈரமானி.

இதில் ஒரு கவனம். கத்தரி தன் மகரந்தத்திலேயே காய்க்கிற செடிதான், ஆனாலும் தேனீ, வண்டு வந்து கொஞ்சம் கலந்துவிடும். பக்கத்துக் கொல்லையில் யாராவது வரிக் கத்தரியோ ஐபிரிட்டோ போட்டிருந்தால் நூறு இருநூறு மீட்டர் தள்ளியாவது நம் விதைச் செடி இருக்கவேண்டும். அது முடியாவிட்டால் பூ விரிவதற்கு முந்தின நாளே மெல்லிய துணிப்பை கட்டி, காய் பிடித்ததும் எடுத்துவிட்டு நூல் கட்டி அடையாளம் வைக்கலாம். ஏழெட்டு செடிக்கு இது பெரிய வேலை இல்லை.

தக்காளியும் இப்படி எடுத்து வைக்கலாம், நாட்டுத் தக்காளியோ பெரியகுளத்து பிகேஎம் 1 மாதிரி ரகமோ இருந்தால். சாற்றோடு பிழிந்து ஒரு நாள் புளிக்கவிட்டால் விதையைச் சுற்றின கொழகொழப்பு போய்விடும், அலசிக் காயவைத்தால் முடிந்தது. ஐபிரிட் தக்காளியில் விதை எடுக்காதீர்கள். முளைக்காது என்று ஒரு பேச்சு இருக்கிறது, அது தப்பு, முளைக்கும், காய்க்கவும் காய்க்கும், ஆனால் ஒரு செடி பாட்டன் போல, ஒரு செடி பாட்டி போல ஆளுக்கொரு பக்கம் போகும். நோய் தாங்குகிற குணமும் எல்லாச் செடிக்கும் வராது. வீட்டுக்கு நாலு தொட்டி என்றால் வேடிக்கையாகப் போடலாம், சந்தைக்கு ஒரே சீராகக் காய் வேண்டுமென்றால் ஆகாது.

வெண்டையில் நான் வாங்குகிற கட்சி. மஞ்சள் நரம்பு நோய் வந்தால் வெள்ளை ஈ ஒரு கோடி முதல் மறுகோடி வரை பரப்பிவிடும். அதனால் அந்த நோயைத் தாங்குகிற ரகம், பாக்கெட்டில் அது எழுதியிருக்கிறதா, போன வருஷம் பக்கத்து ஊரில் போட்டவர்கள் என்ன சொல்கிறார்கள், இதை மட்டும் பார்ப்பேன். ஐபிரிட் கட்டுப்படியாகாதவர்கள் அர்கா அனாமிகா போட்டு விதை எடுக்கலாம்.

கீரைக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு பாத்தியில் நாலு நல்ல செடியை அறுக்காமல் விட்டால் அடுத்த வருஷத்துக்கு வேண்டிய விதை வந்துவிடும்.

சுரைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. வேலியில் தானாக முளைத்த பேய்ச்சுரை எங்காவது பக்கத்தில் இருந்தால் தேனீ அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். அந்த வருஷத்துக் காயில் ஒன்றும் தெரியாது. அதன் விதையை எடுத்து அடுத்த வருஷம் போட்டால் கசப்புக் காய் வரும். கசக்கிற சுரைக்காய் வெறும் ருசிக் கேடு இல்லை, வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரிவரை கொண்டுபோகும் விஷம். வீட்டு விதையில் வந்த கொடியின் முதல் பிஞ்சில் ஒரு சின்னத் துண்டு நறுக்கி நாக்கில் வைத்துத் துப்பிப் பாருங்கள், கசந்தால் கொடியையே பிடுங்கிவிடுங்கள்.

எடுத்த விதையை வைக்கிற இடம். அத்தை மண் கலயத்தில் சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் போட்டு, துணி கட்டி, பரண்மேல் வைப்பார். கத்தரிக்கு அது போதும். நான் கண்ணாடி பாட்டிலில் நன்றாகக் காய்ந்த விதையும் ஒரு பொட்டலம் வறுத்து ஆறவைத்த அரிசியும் போட்டு, மூடியை இறுக்கி, ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வைக்கிறேன். அரிசி மிச்ச ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெளியே எடுத்தால் உடனே திறக்கக் கூடாது. ஜில்லென்ற விதைமேல் காற்றின் ஈரம் படிந்துவிடும். ராத்திரி எடுத்து வைத்துக் காலையில் திறந்தால் சரியாக இருக்கும். காயாத விதையை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், பூசணம் பிடிக்கும்.

கடைசியாக பில். விதை விற்கிறவருக்கு லைசென்ஸ் இருக்கவேண்டும், ரகமும் லாட் நம்பரும் போட்ட பில் கொடுக்கவேண்டும், இரண்டும் சட்டம். "பில்லு போட்டா வரி கூட வருமே" என்று ஒரு கடையில் தட்டிக்கழித்தார்கள், அங்கே வாங்குவதையே விட்டுவிட்டேன். காலி பாக்கெட்டை அட்டையோடு அறுவடை முடிகிற வரை எறியாதீர்கள், ஒரு பிடி விதையையும் அதிலேயே மிச்சம் வையுங்கள். துணிச் சோதனையில் நன்றாக முளைத்த விதைகூட ரகம் மாறி வரலாம், அது பூத்துக் காய்த்த பிறகுதான் தெரியும். அப்படி ஏமாந்தால் வயலில் பயிர் நிற்கும்போதே போட்டோ எடுத்து, விதை ஆய்வாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அவர் வந்து பார்க்கிற வரை உழுதுவிடாமல் வைத்திருக்க வேண்டும். நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகலாம். விதை வாங்குகிற விவசாயியும் நுகர்வோர்தான் என்று தேசிய விதைக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாங்கின விதை முழுவதையும் விதைத்துவிட்ட விவசாயி மாதிரிக்கு எங்கே போவான் என்பதையும் அந்த வழக்கில் ஏற்றுக்கொண்டார்கள். இருந்தாலும் அந்த ஒரு பிடியை எடுத்து வையுங்கள், நம் பேச்சுக்குப் பலம் கூடும்.